கையுறைக்காரன் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது

என் லாத்தா, அதாவது கூடப்பிறந்த அக்கா, ஜன்னத்துல் பிர்தௌஸுக்கு இந்த வயதில் கிடைத்த ஒரே சுகம், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கொஞ்ச நேரம் காலை நீட்டிப் படுப்பதுதான். அதிலும் மண்ணைப் போட்டார் அவள் புருஷன், என் மச்சான், காஜா நஜ்முதீன். துபாயில் ஒரு கடையின் கிடங்கில் வாழ்க்கையைக் கொடுத்துவிட்டு, போன பெருநாளோடு காரைக்காலுக்கு ஒரேயடியாக வந்துவிட்டவர். வந்தவர் சும்மா இருக்கக் கூடாதா? கையுறைக்காரன் படங்களை ஒன்று விடாமல் பார்க்கப் போகிறேன், நீயும் கூட உட்கார் என்று அவளைப் பிடித்துக்கொண்டார்.

கையுறைக்காரன் என்பது நாங்கள் வைத்த பெயர். உளவாளி. குளித்தாலும் கையுறையைக் கழற்ற மாட்டான். நாங்கள் பாவாடை கட்டிய காலத்திலிருந்து அவன் படம் வந்துகொண்டே இருக்கிறது. நடிகர்கள் மாறுவார்கள், அவனுக்கு வயதே ஆகாது. தமிழில் பேசவைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியில் போடுவார்கள். நானும் லாத்தாவும் அப்படித்தான் பார்த்தோம், கையில் கிடைத்த வரிசையில். வயசான நடிகரை முதலிலும் வாலிப நடிகரைப் பிறகும் பார்த்தோம். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

எங்கள் குடும்பங்களில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து தங்குவார். மச்சானோ வந்து தங்கிய மாப்பிள்ளை கூட இல்லை, லீவில் வந்துபோன மாப்பிள்ளை. மகள் நௌஷினுக்குக் கல்யாணமாகி அவள் குடியிருப்பது சென்னையில். இன்னமும் இவருக்குச் சீனி டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரியாது. பாவம், அந்த வீட்டில் அவர் உரிமையோடு தொடக்கூடிய பொருள் டிவி ரிமோட் ஒன்றுதான். மகள் ஒரு பென் டிரைவில் எல்லாப் படங்களையும் ஏற்றி அனுப்பியிருந்தாள்.

"வந்த வருஷப்படி பாக்கணும். அதான் மொறை" என்றார் மச்சான்.

லாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "கதைப்படி பாப்போம் மச்சான். அவன் சின்னப் புள்ளையா இருந்தது பின்னாடி ஒரு படத்துல வருதுல்ல? அதை மொதல்ல போடுங்க" என்றாள். மறுநாள், நல்ல படங்களை மட்டும் பார்ப்போம் என்றாள். அதற்கும் மறுநாள், தாடி வைத்த நடிகர் நடித்ததை மட்டும் பார்ப்போம் என்றாள். நான் பக்கத்து வீட்டுக்காரி, வாசலைத் தாண்டினால் அவள் அடுப்படி. இதையெல்லாம் கேட்டு எனக்கே தலையைச் சுற்றியது. எதைக் கேட்டாலும் 'உங்க இஷ்டம்' என்று சொல்லியே வயதாகிப்போனவள் என் லாத்தா.

மேட்டுக் குப்பத்திலிருந்து வந்த காலா மீனைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். "உனக்கு என்ன வந்துச்சு லாத்தா? வரிசையா பாத்தா என்ன?"

"வரிசையா பாத்தா லைட்ஹவுஸ் படம் வரும் நாச்சியா" என்றாள்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. டிவியில் அந்தப் படம் வந்தால் மட்டும் அவளுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

மச்சானுடைய உம்மா, லாத்தாவுக்கு மாமி, அந்தப் படம் வந்த வருஷம்தான் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தார்கள். பக்கத்துத் தெருவில் படுக்கையாய்க் கிடந்தார்கள். ராப்பகலாகப் பார்த்துக்கொண்டது லாத்தா. கடைசி வாரம் முழுக்க ஒரே பேச்சுதான். காஜா, காஜா. மச்சானுக்கு அப்போது விசா புதுப்பிக்கிற நேரம். பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில். சொன்னால் வரவும் முடியாது, அங்கே இருக்கவும் முடியாது. சபர் என்று கடல் தாண்டிப் போன ஆளுக்குக் கெட்ட சேதி சொல்வதில்லை என்பது எங்கள் பெண்களுக்கு யாரும் கற்றுத்தராமலே வருகிற பாடம். உம்மாவுக்குச் சுகம்தான் என்றே சொல்லிவந்தாள். முடிந்த பிறகு, தூக்கத்திலேயே போய்விட்டார்கள், ஒரு கஷ்டமும் இல்லை என்று சொல்லிவிட்டாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மச்சான் இத்தனை வருஷம் இருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், 'எங்க உம்மாவுக்கு நல்ல மௌத்து' என்பார்.

"கடைசி வெள்ளிக்கிழமை போன் பண்ணாரு. மாமி கட்டில்ல கெடந்து சத்தமா கூப்புடுறாங்க. நான் போனைக் கையால பொத்திட்டேன். என்ன சத்தம்னாரு. டிவியில படம் ஓடுது மச்சான்னேன். அவரும், நானும் கையுறைக்காரன் புதுப் படத்துக்குத்தான் போறேன், லைட்ஹவுஸ்ல சண்டையாம்னு சிரிச்சாரு. அங்க அவரு படம் பாக்குறாரு, இங்க மாமி அவரு பேரைச் சொல்லிக் கூப்புடுறாங்க. எப்புடி நான் அவரு பக்கத்துல உக்காந்து அந்தப் படத்தைப் பாப்பேன்? மூஞ்சே காட்டிக் குடுத்துரும்" என்றாள் லாத்தா.

"சொல்லித்தான் தொலையேன்."

"இப்பச் சொல்லி? அந்த மனுசன்கிட்ட இருக்குறது அந்த ஒரு நிம்மதிதான்." ஒரு மீனைத் தண்ணீரில் போட்டாள். "எனக்கு அலுத்துப்போச்சு நாச்சியா. பொய் சொல்றது கூட அலுக்கல. அதை நெனப்பு வச்சுக்குறதுதான்."

பென் டிரைவிலிருந்து அந்த ஒரு படத்தை அழித்துவிடேன் என்று கெஞ்சினாள். போ லாத்தா, இன்னொரு பொய்க்கு என்னால் முட்டுக்கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். எனக்கும் அலுத்துத்தான் போயிருந்தது.

கடைசியில் மச்சான் வரிசைதான் ஜெயித்தது. தினமும் மத்தியான லுஹர் தொழுது, சாப்பிட்டு, படம். நானும் வெற்றிலையை மடித்துக்கொண்டு போய் உட்காருவேன். ஒவ்வொரு படத்துக்கும் மச்சான் ஒரு கேள்வி வைத்திருந்தார். "இது வந்தப்ப இங்க என்ன நடந்துச்சு?"

அரைத் தூக்கத்தில் லாத்தா உளறிவிடுவாள். "அப்பதான் நௌஷினுக்கு மஞ்சக்காமாலை."

"காய்ச்சல்னு சொன்னே?"

"மஞ்சக்காமாலையும் காய்ச்சல்தானே மச்சான்."

இன்னொரு நாள், புயலில் அடுப்படிக் கூரை போன வருஷம் வந்தது. "ரெண்டு ஓடு போயிருச்சுன்னுதானே சொன்னே?" என்றார்.

"ரெண்டு ஓடு மிஞ்சுச்சு."

நான் சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. கையுறைக்காரன் பனியில் யாரையோ துரத்திக்கொண்டிருந்தான், இவர் அண்ணாந்து அடுப்படிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே மெச்சும் உளவாளிகள் எங்கள் வீடுகளில்தான் இருந்திருக்கிறார்கள், படம் எடுக்கத்தான் ஆளில்லை. படத்துக்குப் படம் மச்சான் தளர்ந்துகொண்டே வந்தார். ஆனால் நிறுத்தவில்லை. லாத்தாவோ சோறு இறங்காமல் அரைத் தட்டோடு எழுந்துகொண்டிருந்தாள்.

அந்த நாளும் வந்தது. "தலை வலிக்குது, இன்னைக்கு ரயில் படத்தைப் போடுங்களேன்" என்றாள் லாத்தா. "வரிசைன்னா வரிசைதான்" என்று மச்சான் லைட்ஹவுஸ் படத்தைப் போட்டார். கடல் வந்தது, விளக்கு சுற்றியது, பெயர் போட்டார்கள். மச்சான் ரிமோட்டை அமுக்கி நிறுத்தினார்.

"இந்தப் படத்தை நான் பாத்ததே இல்ல பிர்தௌசு."

"பாத்தீங்களே. போன்ல சொன்னீங்க."

"போறேன்னு சொன்னேன். போகல. ரூம்லதான் கெடந்தேன்." அவர் டிவியைப் பார்த்தே பேசினார். "டிவின்னு சொன்னே. டிவியில எவன் என் பேரைச் சொல்லிக் கூப்புடுவான்? நீ பொத்துறதுக்குள்ள கேட்டுருச்சு. நீ படம்னே, நானும் படம்னு சொல்லி வச்சேன்."

லாத்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரிஞ்சுமா நல்ல மௌத்துன்னு ஊரெல்லாம் சொன்னீங்க?" என்று நான்தான் கேட்டேன். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

"வேற என்ன சொல்றது நாச்சியா? ஒண்டியா நின்னு பாத்தவ அவ. எனக்குத் தெரியும்னு சொன்னா அவ இன்னும் ஒடைஞ்சுபோவா." பிறகு லாத்தா பக்கம் திரும்பினார். "நானா எடுத்துப் பேச வாய் வரல. வரிசையா பாத்தா இங்க வந்துதானே ஆகணும்னு நெனச்சேன்."

லாத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவர் கேட்டார், "என் பேரு மட்டும்தான் கேட்டுச்சு. என்ன சொல்லிக் கூப்புட்டாங்க?"

"நீங்க வந்துட்டீங்கன்னு நெனச்சாங்க. 'காஜா வந்துட்டான், சோறெடுத்து வையி'ன்னாங்க."

"நீ என்ன செஞ்சே?"

"போனை வச்சுட்டுப் போயி, தட்டுல சோறு போட்டு, ஆணம் ஊத்தி, அவங்க கண்ணுக்கு எதிர்ல வச்சேன். பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்பறம் தூங்கிட்டாங்க. முழிக்கல." லாத்தா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தூக்கத்துல போனாங்கன்னு நான் சொன்னது பொய் இல்ல மச்சான்."

மச்சான் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "சோறு இருக்கா?" என்று கேட்டார்.

கொஞ்சம் முன்னால்தான் வயிறு முட்டச் சாப்பிட்ட மனிதர். லாத்தா ஒன்றும் கேட்காமல் எழுந்து போய், தட்டில் சோறு போட்டு, ஆணம் ஊற்றி, கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்கும்போது லாத்தா பாயில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். மச்சான் சத்தம் போடாமல் டிவியை அணைத்துவிட்டு, தட்டைக் கழுவ அடுப்படிக்குப் போனார்.