நம்ம நாடு கேட்டா குடுக்க மாட்டாகளா?

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். பட்டாசுப் பெட்டி லேபிள்களும் தினசரி காலண்டரும்தான் என் வேலை. அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது தங்கையிடமிருந்து வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு வந்தது. பாங்காக்கில் கஸ்டமர் கேர் வேலை என்று சாத்தூர் ஏஜென்ட் ஒருவர் அவளை அனுப்பிவைத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. "சாப்பிட்டியா புள்ள?" என்று ஆரம்பித்தேன்.

"யக்கா, நான் சொல்லுறத மட்டும் கேளு. பக்கத்துல நிக்கவன் போன்ல பேச்ச மொழிமாத்துற ஆப்பு இருக்கு. நம்மூருப் பேச்சு அதுக்குப் பிடிபடாது. நீ சிரிச்சுக்கிட்டே இரு."

சிரித்தேன். அவளும் கல்யாண வீட்டு விசேஷம் சொல்கிற குரலில் வேகவேகமாகச் சொன்னாள். விமான நிலையத்திலிருந்து வேனில் ஏற்றியிருக்கிறார்கள். நாள் முழுக்க ஓடி, கடைசியில் படகில் ஓர் ஆற்றைத் தாண்ட வைத்திருக்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மியான்மர். பெரிய மதில், வாசலில் துப்பாக்கிக்காரர்கள். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத வெளிநாட்டு ஆட்களிடம் ஆசையாகப் பேசி அவர்களை மோசடியில் இழுத்துவிட வேண்டும். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"மாட்டேன்னு சொன்னா?"

"அடிக்காக. அத அம்மாகிட்டச் சொல்லாத."

அழைப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அப்போதும் என் முகத்தில் அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்ததாக என்னோடு வேலை பார்ப்பவள் பிறகு சொன்னாள்.

அப்பாவும் அம்மாவும் அச்சங்குளம் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலையில் வேலை செய்கிறவர்கள். வெடிமருந்து வேலை தங்களோடு போகட்டும் என்றுதான் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார்கள். ஆபத்தில்லாத வேலை என்று நம்பித்தான் தங்கையை விமானம் ஏற்றினார்கள்.

காவல் நிலையத்தில் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. "பொண்ணு மேஜரு. விசா எடுத்து முறையாத்தானே போயிருக்கு? ஏஜென்ட் ஏமாத்திட்டாருன்னு வேணா எழுதிக் குடுங்க" என்றார். தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அந்த இடம் ஆயுதக் குழுக்களின் கையில் இருக்கிறது, முயன்று வருகிறோம் என்று பதில் வந்தது. அதற்கு மேல் யாரிடம் போவது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவோடு வேலை செய்கிற பெண்களுக்குத் தெரிந்தது. அடித்ததை மட்டும் மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் அவளிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் அவள் ஆலையில் வேலை நடுவே உடைந்து அழ, கூட இருந்த பெண்கள் விசாரித்திருக்கிறார்கள். தீபாவளி ஆர்டர் நெருக்குகிற சீசன். ஒரு நாள் லீவு கேட்டாலே கம்பெனியில் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வேன் பிடித்து அத்தனை பேரும் விருதுநகர் கலெக்டர் ஆபீசில் வந்து இறங்கினார்கள். விரல் நகங்களில் ஒட்டிய பட்டாசு வெள்ளிப் பொடி எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கைகளைக் கூப்பியபடி எனக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

கலெக்டர் பொறுமையாகக் கேட்டார். "வெளிநாட்டு விவகாரம்மா. நம்ம கையில இல்ல. டெல்லிதான் பேசணும்" என்றார்.

அம்மா முன்னால் வந்தாள். "அய்யா, நம்ம நாடு பெரிய நாடுதான?"

"ஆமா."

"அம்புட்டுப் பெரிய நாடு எம் மகளக் குடுன்னு கேட்டா குடுக்க மாட்டாகளா? கேட்டீகளா அய்யா?"

கலெக்டர் மனுவை வாங்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம், "இன்னைக்கே சென்னைக்கு எழுதுங்க. டெல்லிக்கும் நகல் போகட்டும்" என்றார்.

அந்தச் செய்தி பேப்பரில் வந்தது. அதைப் பார்த்துவிட்டு எங்களைப் போன்ற குடும்பங்கள் கூப்பிடத் தொடங்கின. கேரளத்தில் ஓர் அப்பா, ஆந்திராவில் ஒரு மனைவி, ராமநாதபுரத்தில் ஓர் அண்ணன். ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தோம். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் பாதிதான் புரியும். ஆனால் செய்ய வேண்டியது எல்லோருக்கும் புரிந்தது: அவரவர் மாநிலத்தை அவரவர் நெருக்க வேண்டும், மாநிலங்கள் டெல்லியை நெருக்கும். நெருக்கினோம். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்த அன்று அச்சகத்தில் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் என் போனைச் சுற்றி நின்று கேட்டார்கள்.

அதுவரை வெளியுறவு என்றால் தலைவர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மாதங்களில்தான் அதன் பலம் தெரிந்தது. எங்கள் பிள்ளைகள் மட்டும் அங்கே இல்லை, பல நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த நாடுகளும் பேசத் தொடங்கின. ஒரு பெரிய நாடு கோபப்பட்டதும் அந்த நாட்டுச் சுற்றுலாக்காரர்கள் தாய்லாந்துக்குப் போகத் தயங்கினார்கள். தாய்லாந்துக்கு அது வலித்தது. அதுவரை எல்லையைக் கண்டுகொள்ளாமல் இருந்தவர்கள், பொங்கல் கழிந்த கொஞ்ச நாளில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த மின்சாரத்தை அறுத்தார்கள். டீசலையும் நிறுத்தினார்கள். மதிலுக்குள் விளக்கு அணைந்தது, கம்ப்யூட்டர் அணைந்தது. ஆயுதக் குழுக்கள் கதவைத் திறந்து ஆட்களை வெளியே விட ஆரம்பித்தன. மற்ற நாடுகள் தங்கள் ஆட்களை ஏற்றிப் போவதை டி.வி.யில் காட்டக் காட்ட, நம் நாட்டாலும் தாமதிக்க முடியவில்லை. விமானம் போயிற்று.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கொடியேறிய வாரத்தில் தங்கை வந்து சேர்ந்தாள். அப்பாவும் நானும் சென்னைக்குப் போயிருந்தோம். எனக்கு ஒரு பயம் இருந்தது. முன்னால் திரும்பி வந்த சிலரை மோசடிக்காரர்களாகவே விசாரித்தார்கள் என்று குழுவில் பேசிக்கொண்டார்கள். தங்கையும் அதே பயத்தில்தான் வந்திருந்தாள். மெலிந்துபோய், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, எங்களை நிமிர்ந்து பார்க்காமல் போலீஸ் விசாரணை அறையில் உட்கார்ந்திருந்தாள்.

விசாரித்த பெண் அதிகாரி முதலில் அவளுக்கு டீ வாங்கி வரச் சொன்னார். "யாரு உன்ன அங்க கொண்டுபோனது?" என்பதுதான் முதல் கேள்வி. தங்கை சட்டென்று நிமிர்ந்தாள். "நான் போகல மேடம். கொண்டுபோய் வித்துட்டாக" என்றாள். அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.

வெளியே வந்ததும் அதிகாரிக்கு நன்றி சொன்னேன். "எனக்கு எதுக்குங்க? முன்னாடி வந்தவங்ககிட்ட எத்தன பேர ஏமாத்துனீங்கன்னுதான் கேட்டோம். இப்ப மேலருந்து உத்தரவு, முதல்ல பாதிக்கப்பட்டவங்களா நினைச்சு விசாரிக்கணும்னு. கடத்தப்பட்டவங்கள நீங்க எப்படி நடத்துறீங்கன்னு வெளிநாட்டுக்காரங்களும் வருசா வருசம் கேக்கறாங்க. நாமளும் அவங்களக் கேக்கறோம். ரெண்டு பக்கமும் பதில் சொல்லியாகணும்ல?" என்று சிரித்தார்.

எங்கேயோ ஏதோ தலைநகரத்தில், யாரோ யாரிடமோ கேட்ட கேள்வி, என் தங்கைக்கு ஒரு கிளாஸ் டீயாக வந்து சேர்ந்தது. அதைக் கேட்க வைத்தவர்களில் அச்சங்குளத்துப் பெண்களும் உண்டு என்று எண்ணியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏஜென்ட் மீது வெறும் ஏமாற்று வழக்கோடு விடவில்லை, ஆள் கடத்தல் பிரிவிலும் பதிந்தார்கள். விருதுநகர் நீதிமன்றத்தில் அவர் ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்று, தங்கையும் வருவேன் என்று நின்றாள். கலெக்டர் ஆபீசுக்கு வந்த அதே பெண்களும் வந்தார்கள். வேனிலிருந்து ஏஜென்டைப் படியில் இறக்கியபோது அவர் தங்கையைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார். "இங்கன பாருங்க அண்ணாச்சி. திரும்பி வந்துட்டேன்" என்றாள் அவள்.

ஜாமீன் மறுக்கப்பட்டது. அதைப் புரிந்துகொள்ள அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பக்கத்தில் நின்றவளைக் கட்டிக்கொண்டு குலவை போட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, போலீஸ்காரர் ஓடி வந்து, "இது கோர்ட்டும்மா, கோயில் இல்ல" என்று கெஞ்சினார்.

எல்லோரும் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடப் போனோம். அப்பா யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, "இன்னைக்கு எம்புட்டுத் திம்பேன்னு எனக்கே தெரியாது" என்றார். தங்கை மொறுமொறுவென்றிருந்த முதல் துண்டைப் பிய்த்துச் சால்னாவில் முக்கி, சுடச்சுட வாயில் போட்டுக்கொண்டு, நாக்கு வெந்து ஊதி ஊதிச் சிரித்தாள். "யண்ணே, இங்கன இன்னும் ரெண்டு செட்டு!" என்று அம்மா கடைக்காரரைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள்.