கடலைப் பார்த்துப் போட்ட நாற்காலி

அக்கா செத்துப்போன செய்தியைக் கேட்டதும் கடற்கரை வீட்டு முதலாளியம்மா, "அப்போ அந்த நாற்காலி?" என்றுதான் முதலில் கேட்டாளாம். செய்தி சொன்ன அக்காவின் தம்பி, படகோட்டுகிறவன், போனை வைத்துவிட்டான்.

அப்படிக் கேட்கும்படிதான் அக்கா வாழ்ந்திருந்தாள். வேலை முடிந்த பிறகு எங்கே உட்காருவது என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்றாள். அவள் ஆயுசில் போட்ட ஒரே சண்டை அது.

அந்த வீட்டுக்குச் சாலை கிடையாது. தார் ரோடு முடிகிற இடத்தில் தம்பியின் படகில் ஏறி, பாறை முனையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தென்னைகளுக்கு நடுவே ஓட்டு வீடு, முன்னால் வராந்தா, வேலி, அப்புறம் மணல், அப்புறம் கடல். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவார்கள். வராந்தாவின் ஒரு மூலையில் மட்டும் போனுக்கு சிக்னல் கிடைக்கும். தனிமை தேடி வந்தவர்கள் எல்லாரும் அந்த மூலையில் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு நிற்பார்கள்.

கல்யாணமான புதிதில் புருஷனோடு அங்கே காவலுக்கு வந்தவள் அக்கா. அவர் ஜெனரேட்டரையும் தண்ணீர் மோட்டாரையும் பார்த்துக்கொண்டார். இவள் பெருக்கினாள், துவைத்தாள், சமைத்தாள். மணல்தான் அவளுக்கு ஜென்ம விரோதி. இவள் பெருக்கி வெளியே தள்ளத் தள்ள, விருந்தாளிகள் ஈரக் காலோடு அதை உள்ளே அழைத்து வருவார்கள். படுக்கை விரிப்பில் மணல், குளியலறைச் சாக்கடையில் மணல், சர்க்கரை டப்பாவில்கூட மணல்.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தினுசு. ஊர் இரைச்சலே ஆகாது என்று வந்த ஒருத்தர் மறுநாள் காலையில், "இந்த அலைச் சத்தத்தை ராத்திரியில கொஞ்சம் குறைக்க முடியாதா?" என்றார். "சொல்லிப் பார்க்கிறேன் சார்" என்றாள் அக்கா. குளியலறையில் பல்லியைப் பார்த்து அலறிய பெண்ணிடம், "அது உங்களுக்கு முன்னாடியே புக் பண்ணிடுச்சும்மா" என்றாள். வந்த அன்றே சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு அறையில் சாப்பிட்ட தம்பதிக்குத் தட்டு தூக்கினாள். "உப்பு கம்மின்னு அவகிட்ட சொல்லுங்க" என்றான் அவன். "சமைச்சது நான்தான் சார். திட்டுறதுன்னா நேரா என்னையே திட்டிடுங்க" என்றாள். அடுத்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் ஒரே மேஜைக்கு வந்துவிட்டார்கள்.

ஒரு மழைக்காலக் காய்ச்சலில் புருஷன் போய்விட்டார். அதுவரை அவள் உட்கார்ந்து கடலைப் பார்த்ததே இல்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அவர்கள் இருந்த அறை, சமையல்கட்டு, துவைக்கிற கல் எல்லாமே வீட்டின் பின்பக்கம், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தன. அவர் போய்க் கொஞ்ச நாள் கழித்து, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த ஒரு சாயங்காலம், முகம் கழுவி, துவைத்த துணி மாற்றிக்கொண்டு, சமையல்கட்டிலிருந்த தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு வெளியே மணலில் போட்டாள். கடலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

படகிலிருந்து பார்த்த தம்பி பதறிக்கொண்டு ஓடி வந்தான். "என்னக்கா, தனியா வந்து உட்கார்ந்திருக்க? மாமா நினைப்பா?"

"கால் வலிக்குதுடா."

அதற்கப்புறம் தினமும் உட்கார்ந்தாள். குழந்தைகள் அவள் நாற்காலியைச் சுற்றி மணல் வீடு கட்டினார்கள். தனியாக வந்த ஒரு டாக்டரம்மா, இருந்த நாள் முழுக்கத் தானும் ஒரு நாற்காலி கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. படகேறும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பேசிட்டிருந்தோம், இல்ல?" என்றாள்.

வினை ஒரு புதுமாப்பிள்ளை உருவத்தில் வந்தது. போட்டோவில் கடலும் பெண்டாட்டியும் மட்டும்தான் விழ வேண்டுமாம் அவனுக்கு.

"கொஞ்சம் தள்ளிப் போய் உட்காருங்களேன்."

"கடல் எம்மாம் நீளம் கிடக்கு தம்பி. நீங்க தள்ளி நின்னா அங்கேயும் கடல்தான் தெரியும்."

மணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. ஊருக்குப் போய் இன்டர்நெட்டில் எழுதினான்: வீடு அருமை, சாப்பாடு அருமை, தனிக் கடற்கரை என்று சொன்னார்கள், எதிரே ஒரு அம்மா தினமும் உட்கார்ந்திருக்கிறார்.

முதலாளியம்மா நகரத்திலிருந்தபடியே வீட்டைப் பார்த்துக்கொள்பவள். முதலில் போனில் சொன்னாள். பிறகு பின்பக்கம் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு பிரம்பு நாற்காலியைப் படகில் அனுப்பினாள். அக்கா அதில் தலையணைகளைக் காயவைத்தாள். கடைசியில் முதலாளியம்மாவே கிளம்பி வந்தாள்.

"அக்கா, நான் உங்களை வேலைக்காரியா நினைச்சதே இல்லை."

"நினைச்சுக்கோம்மா, தப்பில்லை. விடிஞ்சதிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நான் வேலைக்காரிதான். அதுக்கப்புறம் என்னவா நினைக்கிறே, அதைச் சொல்லு."

"வர்றவங்க தனிமைக்குத்தானேக்கா வர்றாங்க?"

"எனக்கும் தனிமை இருக்கு. அதை நான் யாருக்கும் வாடகைக்கு விடலை."

"பின்னாடி நல்ல இடமா பார்த்துக் குடுத்திருக்கேனே?"

"செப்டிக் டேங்க் மூடியைப் பார்த்துக்கிட்டு எவ்வளவு நேரம்மா உட்கார்றது?"

வராந்தா தூணோரம் நின்ற தம்பிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முதலாளியம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "அப்படின்னா நாற்காலியா வேலையான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க அக்கா." வார்த்தைக்கு வார்த்தை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டேதான் வேலையைவிட்டு எடுத்தாள்.

தம்பி பின்கட்டுக்கு ஓடினான். "அக்கா, உன் கால்ல வேணா விழறேன். வேலை போனா இந்த அறையும் போயிடும். வாழ்ந்த வீடுக்கா. மாமா இருந்திருந்தா இப்படி விட்டிருப்பாரா?"

"உன் மாமா இருந்திருந்தா ரெண்டு நாற்காலி போட்டிருப்பேன். இந்தப் பெட்டியைத் தூக்கு."

ஒரு பெட்டி, ஒரு மூட்டை, நாற்காலி. படகில் நாற்காலியைக் கவிழ்த்து வைக்கப் போன தம்பியைத் தடுத்து, நடுவில் நிமிர்த்திப் போடச் சொல்லி அதிலேயே உட்கார்ந்து வந்தாள். கரையில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். தம்பி வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் பெண்டாட்டி, "வாங்க அண்ணி, மகாராணி மாதிரி வர்றீங்க" என்று சிரித்தாள். அப்புறம் கதவுக்குப் பின்னால் போய் அழுதாள்.

அக்கா அழவில்லை. சந்தைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சமைக்கப் போனாள். மதியத்தோடு அந்த வேலை முடிந்துவிடும். தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் பாறை முனையின் அடிவாரமாக நடந்தே மறுபக்கம் போய்விடலாம். வழுக்கும், சிப்பி காலைக் கிழிக்கும், பழகியவர்களால் முடியும். வேலையைவிட்ட அதே வாரம், நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவள் அந்த வழியாக நடந்தாள். பழைய இடத்திலேயே போட்டு உட்கார்ந்தாள்.

முதலாளியம்மா வக்கீலைக் கேட்டாளாம். வேலி வரைக்கும்தான் உங்களுடையது, அதற்கு அப்பால் மணலில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று அவர் சொல்லிவிட்டார். தம்பியை மிரட்டிப் பார்க்கலாம் என்றால், அந்தப் பக்கம் வேறு படகும் கிடையாது.

காவலுக்குப் புதிதாக ஒரு புருஷன் பெண்டாட்டி வந்திருந்தார்கள். பெண்டாட்டிக்குக் கிட்டத்தட்ட அக்கா வயது. ஒரு சாயங்காலம் கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவள் வேலியைத் தாண்டி வந்து தயங்கி நின்றாள்.

"இங்க உட்காரக் கூடாதாம்."

"யார் சொன்னா?"

"அம்மா போன் பண்ணாங்க. உங்ககிட்ட சொல்லிடச் சொன்னாங்க."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"பாத்திரம் கழுவியாச்சா?"

"ஆச்சு."

"விரிப்பெல்லாம் எடுத்து மடிச்சாச்சா?"

"ஆச்சு அக்கா."

"அப்போ அங்க போய் என்ன பண்ணப் போறே? உட்காரு."

வந்தவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். வராந்தா மூலையில் விருந்தாளிகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தர் இவர்களைப் பார்த்துக் கையை ஆட்டி என்னவோ சத்தம் போட்டார். அலை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் செருப்பைக் கழற்றிப் பத்திரமாகப் பக்கத்தில் வைத்துவிட்டு, மணலில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.