அட்டவணையில் ஏழு எண்கள்

செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் குடியிருக்கும் சுமலதா, தனியார் கல்லூரியில் கணித ஆசிரியை. மேல்சித்தாமூர் பக்கம் மல்லாட்டை என்னும் வேர்க்கடலை போடும் குடும்பத்திலிருந்து முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள். முப்பத்தெட்டு வயதில், ஏழு வருடம் உழைத்து முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்திருந்தாள். xⁿ − 1 என்பதை உடைத்துக்கொண்டே போனால், மேற்கொண்டு உடையாத துண்டுகள் மிஞ்சும். அவைதான் சைக்ளோடாமிக் பல்லுறுப்புக்கோவைகள். அவற்றில் x-க்கு ஓர் எண்ணைப் போட்டால் எப்போது பகா எண் வரும் என்பதே அவள் ஆய்வு.

வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கையில், ஓர் எண் பகா எண்ணா என்று சோதிக்கும் தன் புரோகிராமை வகுப்பில் ஓட்டிக் காட்டினாள். இருபத்துமூன்றை எண்பத்தொன்பதால் பெருக்கினால் வரும் 2047-ஐத் தட்டினாள். ‘பகா எண்’ என்றது திரை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஓய்வறையில் உட்கார்ந்து யோசித்தபோது புரிந்தது. நேரம் மிச்சமாகட்டும் என்று, இரண்டை மட்டும் வைத்துச் சோதிக்கும்படி புரோகிராமை மாற்றியிருந்தாள். x-க்கும் இரண்டையே போட்டுப் பெற்ற எண்கள், பகா எண்ணாக இல்லாவிட்டாலும் அந்தச் சோதனையில் தேறிவிடும். ஆய்வேட்டின் நாலாவது அட்டவணையில் பகா எண்கள் என்று அப்படிப் பத்தொன்பது இருந்தன. மூன்றை வைத்து மறுபடி ஓட்டினாள். அவற்றில் ஏழு தேறாமல் விழுந்துவிட்டன.

வீட்டுக்கு வந்து கணவன் இளவரசனிடம் சொன்னாள்.

“யாரு உக்காந்து பெருக்கிப் பாக்கப் போறாங்க? டென்சன் ஆவாத. வாயத் தொறக்காம வந்துடு.”

அது அவளை இன்னும் பயமுறுத்தியது. என்றைக்காவது யாராவது பார்ப்பார்களே! நெறியாளர் அரங்கநாதனுக்குப் போன் போட்டாள்.

“எக்சாமினர் ரயில் ஏறிட்டாரும்மா. இப்ப வந்து சொல்றியே?” என்றவர், “நீயே சொல்லிடு” என்று வைத்துவிட்டார்.

விழுப்புரத்தில் வைவா நடந்த அன்று அமாவாசை. பஸ்களை மேல்மலையனூர் கோயில் கூட்டத்துக்காகத் திருப்பிவிட்டிருந்ததால் விழுப்புரம் பஸ் ஒரு மணி நேரம் வரவில்லை. வராமலே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

அறைக்குள் நுழைந்து நின்றதுமே சொன்னாள்: “சார், நாலாவது அட்டவணை தப்பு. ஏழு எண்ணு பகா எண் இல்ல. தப்பு என்னுது.”

தேர்வாளர் பக்கங்களைப் புரட்டினார்.

“நான் இதைக் கவனிக்கலையே” என்றார் கடைசியில். “ஏன் அப்படி ஆச்சுன்னு போர்டுல போடுங்க.”

சாக்பீஸ் இரண்டு முறை ஒடிந்தது. ஆனாலும் அந்த எண்கள் இரண்டின் சோதனையில் ஏன் தேறிவிடுகின்றன என்று நிறுவி முடித்தாள். ஆறு மாதத்தில் திருத்தி, அந்த நிறுவலையும் சேர்த்துத் திரும்பக் கொடுக்கச் சொன்னார்கள்.

மறு வருடம் பட்டம் வந்தது. இளவரசன் தெருவுக்கே மிக்சர் கொடுத்தான். சுமலதாவோ, இன்றைக்கும் ஒரு விடை சட்டென்று சரியாக வந்துவிட்டால் பதறிப்போவாள். வேறு வழியில் போட்டுப் பார்க்காமல் அதைக் கரும்பலகையில் எழுதமாட்டாள்.