வருகைக் கட்டணம் தனி

மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. கீழ்வீட்டுக்காரி முதல் பால் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் ஹலோ அக்கா. வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், மிக்சி விற்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுப்பது அவள் வேலை. பழக்க தோஷத்தில், வீட்டுக் கதவை யாராவது தட்டினால்கூட "ஹலோ, சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் திறப்பாள்.

அவளுக்குக் குரல் இரண்டு. ஒன்று வீட்டுக் குரல். தண்ணீர் வந்துவிட்டது என்று அவள் மாடியிலிருந்து சொன்னால், தெருமுனையில் பேசிக்கொண்டு நிற்பவர்கள் பேச்சை அப்படியே விட்டுவிட்டு வாளி தேடி ஓடுவார்கள். இன்னொன்று ஆபீஸ் குரல். அது தேனில் ஊறி, இஸ்திரி போட்டு வந்த குரல். ஒருமுறை அவள் கைப்பேசியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போக, கணவன் ஆபீஸ் எண்ணுக்கே போன் செய்தான். "மேடம், கொஞ்சம் எங்க வீட்டுக்காரியைக் கூப்பிட முடியுமா?" என்று பணிவாகக் கேட்டான்.

"நான்தாங்க பேசறேன்!"

"நீயா? இந்தக் குரலை ஒரு நாளாவது வீட்டுக்குக் கொண்டு வாயேன்டி!"

அந்தத் தேன் குரலில் அவள் நாள் முழுக்கச் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று உண்டு: "வருகைக் கட்டணம் தனி." மெக்கானிக் வந்து பார்ப்பதற்கு ஒரு காசு, பழுது பார்ப்பதற்கு ஒரு காசு, மாற்றுகிற சாமானுக்கு ஒரு காசு. இதைக் கேட்டதும் எதிர்முனையில் கொதிக்காத ஆளே இல்லை.

"வீட்டுக்குள்ள கால் வெச்சாலே காசா? வர்றது மெக்கானிக்கா, இல்ல மாப்பிள்ளையா?"

"மிக்சி வாங்கினதே இதைவிடக் கம்மிம்மா. நீ மனசாட்சியைத் தொட்டுச் சொல்லு."

மனசாட்சியை அவள் தொட்டுப் பார்க்காத நாளில்லை. ஆனால் பேச்செல்லாம் பதிவாகிறது. கண்ணாடி அறைக்குள் சூப்பர்வைசர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்பதற்கு மேல் அவள் வாய் திறக்க முடியாது.

இத்தனை வீட்டுச் சிரமத்துக்கும் வருந்தியவளுக்குத் தன் வீட்டிலேயே ஒரு சிரமம் வந்து சேர்ந்தது.

அந்த வீட்டின் நடு அறையில், ஜன்னலோரக் கட்டிலில், கணவனின் அக்கா படுத்திருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராகவே வாழ்ந்து ஓய்வு பெற்றவர். ஆயிரம் பிள்ளைகளை ஓடவிட்ட மனுஷி, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு படுக்கையில் கிடந்தார். எல்லாம் போனாலும் கழுத்தில் விசில் மட்டும் போகவில்லை. ஒரு விசில் அடித்தால் தண்ணீர் வேண்டும். இரண்டு அடித்தால் சிறுநீர் கழிக்கப் படுக்கையில் வைக்கிற தட்டு வேண்டும். நீளமாக ஊதினால் சும்மா, பேச ஆள் வேண்டும்.

விடியுமுன் ரொட்டி வேன் ஓட்டப் போகிற தம்பி, காலையிலேயே திரும்பிவிடுவான். பகலில் அவன் காவல், சாயங்காலத்துக்கு மேல் ஹலோ அக்கா காவல்.

"உன்னைக் குளிப்பாட்டி, கழுவி, பவுடர் போட்டு வளர்த்தவ நான். இப்ப உன் முறைடா தம்பி" என்பார் டீச்சர்.

"பவுடர் நானும் போடறேன்க்கா. ஆனா நீ அப்ப என் முதுகுல வெச்சியே அடி, அதைத் திருப்பிக் கொடுக்க முடியலையே" என்பான் அவன்.

இரண்டு விசில் அடித்து ஆள் வருவதற்குள் சில சமயம் காரியம் மிஞ்சிவிடும். டயப்பர் கட்டினால் டீச்சருக்கு உடம்பெல்லாம் தடித்துப் போகும். அதனால் தினமும் விரிப்புகள், போர்வை, நைட்டி என்று ஒரு மூட்டைத் துணி சேரும். அத்தனையையும் வாயில் போட்டுக்கொண்டு சுழற்றியது, பால்கனியில் நின்ற வாஷிங் மெஷின். அந்த வீட்டில் ஒருநாள்கூட முகம் சுளிக்காத வேலைக்காரி அதுதான்.

அது ஒரு காலையில் நின்றுவிட்டது. முதலில் ஒரு முனகல், பிறகு சிவப்பு விளக்கு, பிறகு ஒன்றுமில்லை. வயிற்றில் தண்ணீரோடும் துணியோடும் ஊமையாகிவிட்டது.

மெக்கானிக் வந்தார். பின்பக்கத்தைத் திறந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். மூடினார்.

"உள்ள இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு போயிடுச்சுங்க. மாத்தணும்."

அவர் சொன்ன தொகை, புது மெஷின் விலையில் பாதிக்கு மேல் இருந்தது. அதில் ஊழியர் சலுகை ஏதாவது உண்டா என்று மறுநாள் அவள் சூப்பர்வைசரிடம் கேட்டாள். அவள் சம்பளம் கம்பெனியிலிருந்து வருவதில்லை, போன் எடுக்க ஆள் அனுப்புகிற ஒப்பந்தக்காரரிடமிருந்து வருகிறது, ஆகையால் சலுகை கிடையாது என்றார் அவர்.

"திறந்து பார்த்து மூடினதுக்கே இவ்வளவு வாங்கிட்டுப் போனாரே. மிருகக்காட்சி சாலையில டிக்கெட் இதைவிடக் கம்மி. அங்க புலியாவது பார்க்கலாம்" என்று கணவன் பொருமினான்.

கட்டிலிலிருந்து விசில் நீளமாக ஒலித்தது. "என் பென்ஷன் இருக்கே, எடுத்து மாத்தித் தொலைங்களேன்!"

"அதெல்லாம் வேண்டாம் அண்ணி. உங்க காசுல நாங்க கை வைக்க மாட்டோம்" என்றாள் ஹலோ அக்கா, வெடுக்கென்று. அன்பில்தான் சொன்னாள். நாத்தனாருக்குச் செய்கிற பணிவிடைக்கு விலை வாங்கினாள் என்று ஊர் பேசிவிடக் கூடாதே! ஆனால் அந்த வெடுக், டீச்சரின் நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றதை அவள் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் கையால் துவைத்தாள். ஆபீஸ் போகுமுன் குளியலறையில் உட்கார்ந்து, கனத்த போர்வைகளைச் சோப்புத் தண்ணீரில் மிதித்து, பிழிந்து, உதறி, பால்கனிக் கம்பி முழுக்கக் காயப்போட்டாள். கணவன் கை கொடுத்தால் அவன் பிழிகிற பிழியில் தையல் விட்டுவிடும். "நீங்க ரொட்டியைப் பாருங்க, துணியை விடுங்க" என்று துரத்திவிடுவாள். சில வாரத்தில் அவள் விரல் நுனிகள் வெடித்தன. சாயங்காலம் டீச்சருக்குத் தலை வாரும்போது, வெடிப்பில் நரைமுடி சிக்கிச் சிக்கி இழுத்தது. டீச்சர் அந்த விரல்களை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். அவ்வளவுதான்.

இங்கே வாசகர்களுக்கு மட்டும் ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்று முதல் டீச்சர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

தம்பி தம்ளரை நீட்டுவான். "அங்க வெச்சுட்டுப் போடா, குடிக்கறேன்" என்பார். அவன் தலை மறைந்ததும், கையை எட்டி ஜன்னலில் இருந்த பூந்தொட்டியில் ஊற்றிவிடுவார். மாத்திரை விழுங்க ஒரு மிடறு, அதோடு சரி. தண்ணீர் உள்ளே போகாவிட்டால் விரிப்பு நனையாது. விரிப்பு நனையாவிட்டால் அந்தப் பெண்ணின் கை வெடிக்காது. எவ்வளவு எளிமையான கணக்கு! தண்ணீர் நிறையக் குடிக்கவில்லை என்றால் சிறுநீரில் கிருமி சேர்ந்து மறுபடி ஆஸ்பத்திரிதான், இந்த உடம்பு இன்னொரு முறை தாங்காது என்று டாக்டர் சொன்னது அந்தக் கணக்கில் சேரவில்லை.

வீட்டில் விசில் சத்தம் குறைந்தது. "அண்ணிக்கு உடம்பு தேறுது, துணி குறைஞ்சிருக்கு பாருங்க" என்று பாவி மகள் சந்தோஷப்பட்டாள். நன்றாக இருந்த தொட்டிச் செடி ஏன் இலையெல்லாம் மஞ்சளாகி அழுகுகிறது என்பதுதான் புரியவில்லை. "வெயில் பத்தல போல" என்று தொட்டியை நகர்த்தி வைத்தாள்.

ஒரு மத்தியானம். ஆபீஸில் மேசையில் இருந்த மூன்று போன்களில் அவள் போன் ஒலித்தது. திரையில் விழுந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. அது டீச்சருடைய எண். விழுந்துவிட்டாரா? மூச்சு முட்டுகிறதா? ஆனாலும் வாய் பழக்கத்தில் தேனைக் கொட்டியது.

"வணக்கம். தொடர்பு கொண்டமைக்கு நன்றி. உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?"

"யாரும்மா, கம்பெனிப் பொண்ணா?" ரகசியக் குரல். "கொஞ்சம் சத்தமாப் பேச முடியாது. என் தம்பி பக்கத்து ரூம்ல தூங்கறான்."

டீச்சருக்குக் குரல் பிடிபடவில்லை! 'அண்ணி, நான்தான்' என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் டீச்சர் மடமடவென்று கொட்ட ஆரம்பித்துவிட்டார்.

"எங்க வீட்டு மெஷின்ல போர்டு போயிடுச்சாம். மாத்திக் கொடுத்துடுங்க. காசு எவ்வளவானாலும் நான் தர்றேன். ஆனா என் தம்பி பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாது. அவ வேலைக்குப் போன நேரமாப் பார்த்து ஆளை அனுப்பும்மா."

"உங்கள்... உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்." தேன் லேசாகக் கரகரத்தது. "அவர்களுக்கு ஏன் தெரியக் கூடாது என்று..."

"தெரிஞ்சா வாங்க மாட்டா. ரோஷக்காரி. உங்க கம்பெனியிலதான் வேலை பார்க்கறா, அவ காதுலயும் போட்டுடாதே. என் காசு வேண்டாங்கறா, ஆனா என் மூத்திரத் துணியைக் கையால துவைக்கறா. அந்த விரலைப் பார்த்தா வயிறு எரியுதும்மா. பெத்த பொண்ணு செய்வாளா? நான் பெத்திருந்தாத்தானே தெரியும்." டீச்சர் சிரிக்கப் பார்த்தார். நாக்கு வறண்டு, வார்த்தை ஒட்டிக்கொண்டது. "நானும் என்னால முடிஞ்சதைப் பண்ணிட்டுதான் இருக்கேன். தண்ணி குடிக்கறதையே விட்டுட்டேன். எல்லாத்தையும் செடிக்கு ஊத்திடறேன். இப்ப ரெண்டு நாளாக் குளிரு ஜுரம், யார்கிட்டயும் சொல்லல, கண்ணு இருட்டுது. அதான் சீக்கிரம் ஆளை அனுப்புன்னு கேக்கறேன்."

செடி! அந்த மஞ்சள் இலைகள் ஒவ்வொன்றும் அவள் கண் முன்னே வந்து விழுந்தன. துணி குறைந்தது என்று மகிழ்ந்தாளே! ஒரு சொம்புத் தண்ணீரை அந்த வீட்டில் ஒரு உயிர் தனக்கு வேண்டாம் என்று ஒதுக்கிக்கொண்டிருந்ததே!

"அம்மா, லைன்ல இருக்கியா? கட்டணம் என்ன சொல்லு."

கண்ணாடி அறையில் சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார். ஹலோ அக்காவுக்குக் கண்ணீர் தாடையில் வழிந்து மேசையில் சொட்டியது.

"வருகைக் கட்டணம் தனி..." என்று தொடங்கினாள். முடிக்க முடியவில்லை. தேன் தீர்ந்துவிட்டது. "அண்ணி! முதல்ல அந்தத் தம்ளரை எடுங்க! எடுத்துக் குடிங்க! நான் கேக்கணும், மடக்கு மடக்குனு சத்தம் கேக்கணும்!"

அந்த வீட்டுக் குரல் ஆபீஸையே ஒரு உலுக்கு உலுக்கியது. மற்ற இரண்டு போன்களில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

எதிர்முனையில் தம்ளர் எதிலோ இடிபடும் சத்தம்.

"அடியே... நீயா?"

"நானேதான். குடிங்கன்னா குடிங்க!"

"குடிச்சா நனைச்சிடுவேனேடி."

"நனைங்க! வீடே மிதக்கட்டும்! உங்களைத் தொலைச்சுட்டுக் காய்ஞ்ச விரிப்பை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?"

மடக்கு. இன்னொரு மடக்கு. பிறகு ஒரு விக்கல். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அவள் மேசையில் தலை சாய்த்து அழுதாள்.

தம்ளர் காலியானதும் டீச்சர் சொன்னார்: "இப்ப நான் ஒண்ணு சொல்றேன், நீ கேக்கணும். என் காசை வேண்டாம்னு சொன்னியே, அன்னைக்கு நான் இந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி ஆயிட்டேன். விருந்தாளிதான் சும்மா படுத்துக் கிடப்பா. வீட்டு மனுஷி செலவு பண்ணுவா. நான் யாருன்னு நீயே சொல்லு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெடித்த விரல்களால் திரையில் தட்டச்சு செய்தாள். வாடிக்கையாளர் பெயர் என்ற கட்டத்தில் டீச்சரின் பெயர். பணம் செலுத்துபவர் என்ற கட்டத்தில் அதே பெயர்.

"பதிஞ்சுட்டேன் அண்ணி" என்றாள்.

சூப்பர்வைசர் வெளியே வந்தார். வசவு விழும் என்று அவள் எழுந்து நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வீட்டுக்குப் போம்மா. ஜுரம்னு சொன்னாங்களே, டாக்டரைப் பாரு" என்றார். பிறகு, விதியை முழுக்க விட்டுவிட மனமில்லாமல், "கஸ்டமர்கிட்ட சத்தம் போட்டதுக்கு ஒரு மார்க் குறைப்பேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

சரியான நேரத்தில் மருந்து கொடுத்ததால் கிருமி ஆஸ்பத்திரி வரை இழுக்கவில்லை. ஜுரம் இறங்கியது. போர்டு வரத் தாமதமானது. அதுவரை கணவன் விரிப்புகளை ரொட்டி வேனில் போட்டுக்கொண்டு போய்ச் சலவைக்கடையில் கொடுத்து வாங்கி வந்தான். ரொட்டி வாசனை அடிக்கிற போர்வையைப் போர்த்திக்கொண்டு, "பசிக்குதுடா தம்பி" என்று டீச்சர் புலம்பினார்.

மெக்கானிக் வந்து போர்டை மாட்டினார். மெஷின் ஒருமுறை கனைத்துவிட்டு, வீடு அதிரச் சுழன்றது. ரசீதைப் பார்த்த கணவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். டீச்சர் மட்டும் ராணி மாதிரி தலையணைக்கடியிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார்.

"போர்டுக்கு மூணு மாசம்தாங்க கியாரண்டி" என்றார் மெக்கானிக், தயங்கி.

"எனக்கு அதுகூட இல்லப்பா. நீ தைரியமாப் போயிட்டு வா."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கும்போது, மெஷின் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு விசில் ஒலித்தது. ஒன்று. பிறகு, கொஞ்ச நேரம் பொறுத்து, இரண்டு.

"வர்றேன் அண்ணி!" என்று பால்கனியிலிருந்து ஹலோ அக்கா போட்ட சத்தத்தில், தெருமுனையில் பேசிக்கொண்டிருந்த இருவர் வாளி தேடி ஓடினார்கள்.