படியில் இல்லாத செருப்பு

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரணியில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் வேலை பார்த்தேன். மிகப் பழைய கட்டடம் அது. கீழே கடை, மேல்மாடி பல வருடமாக யாரும் போகாமல் கிடந்தது. எல்லோரும் செருப்பை வாசற்படியில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவோம். பூட்டும்போது மேனேஜர் அந்தப் படியைத்தான் பார்ப்பார். செருப்பு இல்லையென்றால் ஆள் இல்லை.

ஒரு அமாவாசைக்கு முந்தின நாள். மறுநாள் தறிக்கும் கடைக்கும் லீவு. அதனால் அன்று மதியமே கடையை மூடுவதாக இருந்தது. மேலே என்னதான் இருக்கிறது என்று பார்க்க யாரிடமும் சொல்லாமல் ஏறினேன். புறா எச்சமும் கண்ணாடித் துண்டுமாக இருந்ததால் திரும்பிக் கீழே வந்து, படியில் இருந்த செருப்பைப் போட்டுக்கொண்டு மறுபடி மேலே போனேன்.

உடைந்த பீரோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. கத்த வேண்டும் என்று தெரிந்தது, குரல் வரவில்லை. பயம்கூட வரவில்லை. மரம் மாதிரி நின்றேன்.

வெகுநேரம் கழித்துப் பின்பக்க ஜன்னலுக்குப் போனேன். கீழே சந்தில் ஒருவர் தறியில் ஏற்றும் பாவு நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அப்போதும் வாய் திறக்கவில்லை. ஒரு செருப்பைக் கழற்றிக் கீழே போட்டேன். அது பட்டு நூல் மேலேயே விழுந்தது.

“யாரு அது, பாவு மேல செருப்பு போடறது?” என்று நிமிர்ந்து பார்த்தவர்தான் மேனேஜரை அழைத்து வந்தார்.

“படியில செருப்பு இல்லியேம்மா. நீ போய்ட்டேன்னு நெனச்சிகினு பூட்டிட்டேன்” என்றார் மேனேஜர்.

இப்போது கடைச் சாவி என்னிடம் இருக்கிறது. நான் படியைப் பார்ப்பதில்லை. மேல்மாடி வரை ஏறி, “யாராவது இருக்கீங்களா?” என்று கேட்கிறேன். பதில் வராவிட்டாலும் ஒவ்வொரு கதவையும் திறந்து பார்த்த பிறகே பூட்டுகிறேன். அன்று அப்படி யாராவது கேட்டிருந்தாலும் நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.