பாய்மரத் துணிக்கு அந்தப் பக்கம்

நேற்று மழையில் எதிர்வீட்டு வண்டியின் தார்ப்பாய் நனைந்து ஒரு வாடை வந்தது பாருங்கள், உப்பும் பழைய எண்ணெயும் கலந்த மாதிரி. எனக்கு உடனே கடலோரத்து மண்டபம் ஊரில் நாங்கள் இருந்த தகரக் கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது.

ஐம்பதுகளில், கடலாடிப் பக்கமிருந்து கல்யாணமாகி அங்கே போனேன். என் வீட்டுக்காரருக்கு ஐஸ் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. வேலை கிடைத்த ஊரில் வீடு கிடைக்கவில்லை. யுத்தத்தின்போது பட்டாளத்துக்காகப் போட்ட கொட்டகைகளில்தான் கம்பெனி ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள், ஒரு கொட்டகைக்கு இரண்டு குடும்பமாக. எங்கள் கொட்டகையில் சுவர் என்று பெயருக்கு ஒரு பழைய பாய்மரத் துணி நடுவே தொங்கும். காற்று ஈரமானால் அப்படித்தான் மணக்கும். துணிக்கு அந்தப் பக்கம் பாத்திமாக்கா, அதே கம்பெனியில் மிஷின் ஓட்டும் அவர் புருஷன், நாலு பிள்ளைகள்.

ஒரு மூச்சு விட்டால் அந்தப் பக்கம் கேட்கும். அதனால் நாங்கள் பேசுவதே இல்லை. "தண்ணி வேணுமா?" "ம்." அவ்வளவுதான் எங்கள் குடித்தனம். ஒருநாள் அவர் ஏதோ முணுமுணுத்தார். காதில் விழாமல், "என்ன சொன்னீக?" என்று உரக்கக் கேட்டுவிட்டேன். துணிக்கு அப்பாலிருந்து ஒரு பிள்ளை பதில் சொன்னது: "சேலை நல்லாருக்காம்!"

அன்றோடு அவர் முணுமுணுப்பதையும் நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சோறு முடிந்ததும் பாத்திமாக்கா குடும்பத்தோடு கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார். மணல் காலைப் பொசுக்கும். பொழுது சாயும்போதுதான் கறுத்துப்போய்த் திரும்புவார்கள். கடல்மேல் இத்தனை ஆசையா என்று எனக்கு ஆச்சரியம். ஒரு ஞாயிறு நானும் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"நானும் வாரேன்க்கா."

அக்கா என்னைப் பார்த்தார். உள்ளே என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"ஏ புள்ள, மண்டபத்துல பொறந்த எனக்குக் கடலு என்ன அதிசயமா? இந்த வேகாத வெயில்ல நாலையும் இழுத்துக்கிட்டு நாங்க எதுக்குப் போறோம்னு நெனச்ச? போ உள்ள!"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உள்ளே போனேன். என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் இருட்டும்வரை பேசினோம். பிறந்த வீட்டு மாட்டின் பெயர் முதற்கொண்டு சொல்லித் தீர்த்தேன்.

என் மகன் பிறந்த பிறகு பாத்திமாக்காவின் தம்பியும் கம்பெனியில் சேர்ந்து, புதுப்பெண்டாட்டியோடு அந்தப் பக்கமே குடிவந்தான். அதன்பின் ஞாயிறுதோறும் பாத்திமாக்கா குடும்பமும் எங்கள் குடும்பமும் கடற்கரையில்தான். கைக்குழந்தையோடு முதலில் கிளம்புவது நான். அந்தப் புதுப்பெண்ணுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என்னைவிடச் சூட்டிகை.

பிறகு கம்பெனி வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தது. நல்ல செங்கல் சுவர். பாத்திமாக்கா குடும்பம் தூத்துக்குடிக்குப் போனது.

போன வருடம் மண்டபம் போயிருந்தேன். கம்பெனியும் இல்லை, கொட்டகையும் இல்லை. மணலுக்குள் கொஞ்சம் சிமெண்டுத் தரை மட்டும் தெரிந்தது. அதில் நின்று, எது எங்கள் பக்கம், எது அவர்கள் பக்கம் என்று வெகுநேரம் பார்த்தேன். பிரித்துச் சொல்ல முடியவில்லை.