புல்லுக்குள் ஒரு குழி

பெருமாள்மலைக்குக் கொஞ்சம் மேலே, பஸ் ரோட்டிலிருந்து விலகி, ஒரு பழைய பங்களா இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் கட்டி, குடியிருந்து, சுதந்திரம் வந்ததும் பூட்டிவிட்டுப் போனது. ஐம்பதுகளில், கல்யாணமான புதிதில், அதை நான் வாங்கினேன். எல்லாம் புத்தகம் படித்ததால் வந்த வினை. மலைமேல் தனியாக உட்கார்ந்து எழுதியவர்களைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். அவர்கள் வீட்டு முன்னால் புல் அறுத்தது யார் என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

பங்களாவின் முன்னால் பெரிய புல்வெளி. ஒரு காலத்தில் துரைமார் பந்து விளையாடிய இடமாம். நான் போனபோது புல் என் தோளைத் தொட்டது. காற்றடித்தால், உள்ளே ஏதோ ஒன்று புரண்டு படுப்பது போல வெளி முழுவதும் அசையும்.

கிரயம் முடித்துக் கொடுத்தவர் கொடைக்கானல் பஜாரில் கடை வைத்திருந்த பாய். நல்ல மனிதர். ஆனால் எல்லாம் முடிந்து நான் கடைப் படி இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"தம்பி, ஒரு சங்கதி. தொரை வீட்டுக் கக்கூஸ் குழி அந்தப் புல்லுக்குள்ளதான் கெடக்கு. ஆள் மேல ஆள் நின்னாலும் முங்கிப்போகும்."

"எந்த எடத்துல பாய்?"

"அது தெரிஞ்சா சொல்ல மாட்டனா? கல்லுப் பலகை போட்டு மூடியிருக்குன்னு சொல்லிக்கிறாக. பாத்தவுக யாரும் இல்ல."

பக்கத்து ஊரிலிருந்து நாலைந்து பெண்கள் பண்ணரிவாளோடு வெள்ளனே வந்துவிட்டார்கள். வந்து வரிசையாக நின்றார்கள். குனியவில்லை. அவர்களில் மூத்தவள்தான் காரணம் சொன்னாள்.

"ரொம்ப நாளாக் கை படாத எடமுங்க. நெலத்துக்காரவுகதான் மொதல்ல எறங்கணும்."

"உள்ள குழி இருக்கே, ஆத்தா."

"அதுக்குத்தாங்க."

ஆகவே நான் முன்னால் நடந்தேன். கையில் நீள மூங்கில் கழி. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் தரையைக் குத்தி, கல் தட்டுகிறதா என்று பார்த்தேன். வீரமரணங்களைப் பற்றி நிறையப் படித்தவன் நான். துரையின் கக்கூஸ் குழியில் இறந்தவனைப் பற்றி யார் எழுதப்போகிறார்கள்?

புல்லுக்கடியில் இன்னொரு வீடே உடைந்து கிடந்தது. கட்டில் சட்டம், முள்கம்பி, சீசாத் துண்டுகள். செருப்பில்லாத கால்கள் என்பதால் அந்தப் பெண்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். குத்துகிற சாமான் எது தட்டுப்பட்டாலும் அதன்மேல் அறுத்த புல்லைக் குவித்து மூடிவிடுவார்கள். சோலி முடிந்த பிறகு மொத்தமாக அள்ளிக்கொள்ளலாம்.

நான் வெளியின் கடைசி மூலைக்குப் போய்விட்டேன். கல் தட்டவே இல்லை. என் மனைவி தூக்குச்சட்டியில் காப்பி கொண்டுவந்தாள். ஈரத் தரையெல்லாம் அட்டை. அதனால் பெண்கள் இருப்பதிலேயே பெரிய குவியலின் மேல் ஏறி உட்கார்ந்து, "அம்மா, இங்கன வாங்க, மெத்தையாட்டம் இருக்கு" என்று அவளை நடுவில் உட்காரவைத்தார்கள்.

"ஏங்க, குழி தேடுனது போதும். காப்பி ஆறுது," என்றாள்.

"அய்யா எங்கம்மா தேடுறாக? குழியில்ல அய்யாவத் தேடிக்கிட்டுக் கெடக்கு!" என்றாள் மூத்தவள்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தபோது குவியல் மெல்லத் தணிந்து எழுந்தது. கயிற்றுக் கட்டில் போல.

கிட்டே போய், "அடியில என்ன கெடக்கு?" என்று கேட்டேன்.

"பழைய கதவுங்க. மல்லாக்கக் கெடந்துச்சு. ஆணி துருத்திக்கிட்டு நின்னுச்சு, அதான் மூடிட்டோம்."

பங்களாவின் கதவுகள் எல்லாம் அதனதன் நிலையில் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பெருமைப்பட்டவன் நான். வீட்டிலிருந்து இவ்வளவு தூரத்தில், தரையோடு படுத்திருக்கும் கதவு எதற்குக் கதவு?

கத்தினால் துள்ளி எழுவார்கள். "யாரும் சிரிக்காதீங்க," என்றேன். என் வாழ்நாளில் நான் பிறரிடம் அப்படிக் கெஞ்சியது அன்று ஒருநாள்தான்.

மூத்தவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் காலடியைப் பார்த்தாள்.

"அடியே, யாரும் எந்திரிக்காதீக. உக்காந்தவாக்குலயே ஓரமாச் சறுக்குங்க. ஒவ்வொருத்தியா."

சறுக்கினார்கள். ஓரத்தில் இருந்தவர்கள் இறங்க இறங்க நடுவில் என் மனைவி மட்டும் தங்கினாள். அடியில் மரம் முனகியது. கழியை நீட்டினேன்.

"அப்படியே குப்புறப் படு. படுத்துப் பிடிச்சுக்க."

"சேலையெல்லாம் அட்டை ஏறுமே."

"ஏறட்டும்!"

படுத்தாள். பெண்கள் என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, நான் இழுத்தேன். வெறுந்தரைக்கு வந்து எழுந்ததும் அவள் என் சட்டையை ஒரு கையால் பற்றிக்கொண்டாள். 

கீழே பள்ளத்திலிருந்து மஞ்சு வெள்ளைப் புகைமூட்டமாக ஏறி வந்தது. கொஞ்ச நேரம் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. யாரும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நகரத் துணிவும் இல்லை. மஞ்சு விலகியபோது குவியல் இல்லை. கறுப்பாக ஒரு சதுரம்தான் இருந்தது.

அவ்வளவு நேரமும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றிருந்தோம். விழுந்த சத்தம் எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை.